கண்ணாடிப் பெட்டியில் எண்பது சதவீத ஈரம்

துறைமுகத்துக் கிட்டங்கி ஒன்றில் ஈரத்தை விரட்டுவதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். கப்பலிலிருந்து இறங்கும் கோதுமையும் சீமெந்தும் லொறியில் ஏறும்வரை என் பொறுப்பு. இரண்டுக்கும் ஈரம்தான் பகை. திரும்பிய பக்கமெல்லாம் கடல் இருக்கிற ஊரில் காற்றை உலர்வாக வைத்திரு என்பது, மீன் சந்தையில் நின்றுகொண்டு மணம் வராமல் பார்த்துக்கொள் என்பதைப் போன்றது. இருந்தும் தலை நரைக்கும்வரை பார்த்துக்கொண்டேன். எந்தக் கதவை எப்போது சாத்துவது, எந்த ஓட்டையை எதைக்கொண்டு அடைப்பது என்பதைத் தவிர எனக்கு வேறு ஞானம் கிடையாது என்பது மனைவியின் கருத்து. பட்டம் பெற்றவன் என்று நான் நினைவூட்டுவதுண்டு. அந்தப் பட்டமோ எங்கள் ஹோல் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பூஞ்சணம் பிடித்துத் தொங்குகிறது.

இப்படிப்பட்ட நான், இந்த வருடம் வறண்ட கச்சான் காற்று வீசிய மாதங்கள் முழுவதையும், ஒரு கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஈரம் வெளியே போய்விடாமல் காவல் காத்துக் கழித்தேன். பெட்டிக்குள் இருந்தது ஒரு மரத்தவளை.

தவளையைச் சொல்லுமுன் காய்ச்சலைச் சொல்ல வேண்டும். போன மாரியில் எங்கள் ஒரே மகளுக்கு டெங்கு வந்தது. அவளுக்குப் பதின்மூன்று வயது. ஆஸ்பத்திரியில் கட்டிலருகே கதிரை போட்டு உட்கார்ந்து, அவள் குடித்த தண்ணீரையும் வெளியே போனதையும் அளவுக்கோப்பையில் அளந்து தாதியிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் இரத்தப் பரிசோதனையின் முடிவு வரும். அதில் ஒரு எண் நாளுக்கு நாள் இறங்கியது. பிறகு ஏறியது. இறங்கும்போது நானும் அதனுடன் கடைசிப் படிவரை இறங்கினேன். ஏறும்போது முழுவதும் ஏறினேனா என்பது சந்தேகம். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று டொக்டர் சொன்னதும், இனி நான் எந்த எண்ணைப் பார்ப்பது என்று அவரிடம் கேட்டேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்த மகள் கதைப்பதை அநேகமாக நிறுத்திவிட்டாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. "வேண்டாம்", "பசிக்கேல்லை", "தெரியாது" என்ற மூன்று சொற்களில் மாதக்கணக்காகக் குடும்பம் நடந்தது. பாடசாலைக்குப் போய் வந்தாள். வந்ததும் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அவளைக் கதைக்க வைக்க எனக்கு வழி தெரியவில்லை. தெரிந்த வழியில், காய்ச்சலைத் தந்த நுளம்பைப் பழிவாங்கினேன். யன்னல்களுக்கு வலை அடித்தேன். வலை அடித்த யன்னல்களைச் சாத்தினேன். வளவில் சிரட்டை, பூச்சாடி, சோடா மூடி என்று தண்ணீர் நிற்கக்கூடிய எதையும் விடவில்லை. எங்கள் வளவு முடிந்ததும் அடுத்த வளவுக்குப் போனேன். கோழிக்கு வைத்திருந்த தண்ணீரை நான் கவிழ்ப்பதைப் பக்கத்து வீட்டு ஹாஜியார் கண்டுவிட்டார். வயதானவர், மரியாதையானவர். "தம்பி, கோழிக்கும் டெங்கு வருமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு தெரு முழுவதையும் பற்றிச் சுகாதாரப் பரிசோதகரிடம் நான் முறைப்பாடு செய்ததாகப் பேச்சு அடிபட்டது. அது உண்மைதான்.

தவளை ஒரு வாழைக்குலையோடு வந்தது. தம்பலகாமத்தில் கண்டி வீதியோரம் மனைவி வாங்கிய கதலிக்குலை. குசினியில் தொங்கவிட்டு முதல் சீப்பை வெட்டியபோது, உள்ளேயிருந்து மண்ணிறமாக ஒன்று பாய்ந்து தேங்காய் துருவும் பலகையில் ஒட்டிக்கொண்டது. பின்னங்கால் ஒன்று நீட்டியபடியே கிடந்தது. குலையைக் கட்டிய கயிற்றில் சிக்கி நெரிந்திருக்க வேண்டும். நான் விளக்குமாற்றைத் தேடினேன். மகள் அறையிலிருந்து வந்து, இரண்டு கைகளையும் குவித்து அதை எடுத்தாள்.

"இதாலை போக ஏலாது. கால் சரிவரும்வரைக்கும் நான் வைச்சிருக்கப் போறன்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சொன்ன ஆக நீளமான கதை இதுதான். மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் அந்த நேரம் முதலையை வைத்திருக்கக் கேட்டிருந்தாலும் நான் முதலைக்கு இடம் ஒதுக்கியிருப்பேன்.

வருடக்கணக்காக வெறுமையாகக் கிடந்த மீன்தொட்டியைக் கழுவினோம். அடியில் தென்னந்தும்பு, நடுவில் குரோட்டன் கிளை, ஒரு மூலையில் தட்டையான பாத்திரத்தில் தண்ணீர். மகள் என் போனை வாங்கித் தேடித் தேடி வாசித்தாள். வாசித்ததை எங்களுக்குச் சொன்னாள். சாப்பாட்டு மேசையில் தவளையைப் பற்றிய கதை நடந்தது. தவளை எதைத் தின்னும், பகலில் ஏன் அசையாது, தோலால் எப்படித் தண்ணீர் குடிக்கும். தவளையைப் பற்றி என்றால் கதைப்பாள். வேறு எதைப் பற்றிக் கேட்டாலும் பழைய மூன்று சொற்கள்தான். எனக்குக் கணக்கு எளிதாக விளங்கியது. தவளை இருக்கும்வரை பிள்ளை கதைக்கும். தவளை செத்தால் என்ன நடக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்காகத்தான் அதன்பின் எல்லாவற்றையும் செய்தேன்.

ஈரப்பதன் எண்பது சதவீதம் இருக்க வேண்டும், வெப்பநிலை முப்பதைத் தாண்டக்கூடாது என்று மகள் ஒருநாள் வாசித்துச் சொன்னாள். இரண்டு எண்கள். கிட்டங்கியில் கழித்துவிட்ட, ஈரமும் வெப்பமும் காட்டும் பழைய மீற்றர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து தொட்டிக்குள் வைத்தேன். அதுவரை சீமெந்து மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மீற்றர் தவளையைப் பார்த்தது. நான் மீற்றரைப் பார்த்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆலோசனை சொல்ல ஆட்கள் குறைவில்லை. கிளிவெட்டியிலிருந்து மனைவியின் அக்கா போன் எடுத்தார். தேரை பட்டால் பிள்ளை மெலிந்துபோகும், ஏற்கனவே ஓலை மாதிரி இருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் தேரையை வைத்திருக்கிறீர்களே என்று அழாத குறை. மனைவி விஞ்ஞான ஆசிரியை. "பிள்ளை மெலிஞ்சது நுளம்பாலை, அக்கா. நுளம்பைத் தின்னுறது தேரை. இப்ப நீங்கள் ஆருடைய பக்கம்?" என்று கேட்டாள். கனடாவில் இருக்கும் மச்சான் வேறு பக்கம் நின்றார். தவளைக்குக் குளிர்ந்தால் உயிருக்கே ஆபத்து, சூடாக்கும் விளக்கு கட்டாயம் வேண்டும் என்றார். அவர் அனுப்பிய காணொளிகளில், கம்பளிச் சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள் யன்னலில் பனி விழுந்துகொண்டிருக்க, தங்கள் தவளைகளை எப்படிச் சூடாக வைத்திருக்கிறோம் என்று விளக்கினார்கள். இங்கே காலை பத்து மணிக்கே கதிரையின் இரும்புக் கையைத் தொட ஏலாது என்று நான் சொன்னேன். மச்சான் கேட்டுக்கொண்டார். அடுத்த பார்சலில் விளக்கு வந்து சேர்ந்தது. அதை அலுமாரியில் கம்பளிப் போர்வைக்குப் பக்கத்தில் வைத்தோம். இரண்டும் அவர் அனுப்பியவைதான்.

அப்போதுதான் கச்சான் தொடங்கியது. மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி வந்து சேரும்போது அந்தக் காற்றில் ஒரு சொட்டு ஈரமும் மிஞ்சியிருக்காது. துவைத்த உடுப்பு கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் மொடமொடத்துவிடும். கிட்டங்கிக்கு இதைப்போலப் பொற்காலம் கிடையாது. வருடத்தில் அந்த மாதங்களில்தான் நான் வேலையில் சிரித்த முகமாக இருப்பேன். இந்த வருடம், காலையில் கிட்டங்கி மீற்றரில் ஐம்பதைக் கண்டு மகிழ்ந்துவிட்டு, மாலையில் வீட்டு மீற்றரில் அதே ஐம்பதைக் கண்டு நெஞ்சைப் பிடித்தேன்.

தண்ணீர் தெளித்தேன். எண் ஏறியது. காற்று வந்து அதை எடுத்துக்கொண்டு போனது. தொட்டியின் வாயைப் பாதி மூடினேன். ஈரம் நின்றது, வெக்கை ஏறியது. ஐஸ் போத்தலைத் துணியில் சுற்றி வைத்தேன். வெக்கை இறங்கியது, ஐஸ் உருகியதும் மறுபடி ஏறியது. எங்கள் வீட்டில் ஏசி இருப்பது எங்கள் படுக்கையறையில் மட்டும். தொட்டியை அங்கே மாற்றினேன். குளிர் பிரமாதமாக இருந்தது. ஆனால் அந்த இயந்திரம் காற்றிலுள்ள ஈரத்தைக் கச்சானை விட வேகமாகக் குடித்தது. ஆகவே தொட்டிக்கு மேல் ஈரச்சாக்கு. சாக்கு காயாமல் இருக்க அதற்குத் தண்ணீர். அடிக்கடி கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்பதால் நாங்கள் அந்த அறைக்குள் போகாமல் இருப்பது நல்லது என்று தீர்மானித்தேன். மனைவியும் நானும் ஹோலில் நுளம்புவலைக்குள் வியர்த்துக் கிடந்தோம். தவளை எங்கள் கட்டிலருகே ஏசியில் இருந்தது. "மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

தண்ணீர் அடுத்த தலையிடி. எங்கள் கிணறு உவர். தவளையின் தோலுக்கு உப்பு ஆகாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து மணக்கும், அதுவும் ஆகாது. நாங்கள் மூவரும் பிறந்தது முதல் அதைத்தான் குடிக்கிறோம் என்பது வேறு. வாளியில் பிடித்து ஒருநாள் திறந்து வைத்தால் மருந்து பறந்துவிடும் என்று மகள் சொன்னாள். திறந்து வைப்பதா? சோடா மூடியைக்கூடக் கவிழ்த்த வீட்டில் ஒரு வாளி தண்ணீரைத் திறந்து வைப்பதா? மூடினால் மருந்து போகாது. திறந்தால் நுளம்பு வரும். கடைசியில் வாளியைத் திறந்து வைத்து, அதன் பக்கத்தில் கதிரை போட்டு, மின்சார நுளம்பு மட்டையோடு நான் உட்கார்ந்தேன். லீவு நாட்களில் இதுவே என் ஓய்வு.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமை காலை சுகாதாரப் பரிசோதகர் வந்தார். என் முறைப்பாட்டைக் கேட்டு முன்பு தெரு முழுவதும் நடந்த அதே மனிதர். வாளியைப் பார்த்தார். என் கையிலிருந்த மட்டையைப் பார்த்தார்.

"என்ன ஐயா இது?"

"தண்ணி."

"அது தெரியுது. ஏன் திறந்து கிடக்கு?"

"மருந்து மணம் போறதுக்கு."

"ஆருக்கு?"

மனைவி குசினியிலிருந்தபடியே, "தவளைக்கு" என்றாள்.

அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஏசி அறையில் ஈரச்சாக்கை விலக்கி, டோர்ச் அடித்துத் தவளையைப் பார்த்தார். தண்ணீர்ப் பாத்திரத்தில் புழு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பிறகு மிகவும் அமைதியாகச் சொன்னார்: "நாங்கள் தெருத்தெருவா நுளம்பை ஒழியுங்கோ எண்டு கெஞ்சித் திரியிறம். நுளம்பைத் தின்னுற ஆளை நீங்கள் பெட்டிக்குள்ளை மறியலிலை போட்டு, வெளியிலை நுளம்புக்கு வாளியும் வைச்சிருக்கிறீங்கள்." ஹாஜியார் வேலிக்கு அந்தப் பக்கம் கோழிகளை எண்ணுவதில் திடீரென்று அக்கறை காட்டினார்.

வாளிக்கு மெல்லிய வலைத்துணி கட்டும்படி சொல்லிவிட்டுப் பரிசோதகர் போனார். காற்று போகும், நுளம்பு போகாது. இந்த யோசனை எங்கள் மூவரில் ஒருவருக்கும் வரவில்லை.

இதற்குள் வேறொன்றைக் கவனித்திருந்தேன். பகலில் தவளை வெளுத்தது. வந்த அன்று மண்ணிறமாக இருந்தது, மத்தியானங்களில் சுண்ணாம்பு பூசியதைப்போல ஆகிவிடும். கைகால்களை உடம்புக்குள் மடித்து, கண்ணை மூடி, கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும். அந்த வெளுப்பு எனக்குப் பழக்கமானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைப் பார்த்திருக்கிறேன். அரச மிருக வைத்தியர் ஒருவருக்குப் போன் எடுத்தேன். மாடா, ஆடா என்று கேட்டார். தவளை என்றேன். மாடு என்றால் வந்து பார்க்கலாம் என்றார்.

ஆகவே எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். மகள் பாடசாலையில் இருந்தாள். மனைவியும்தான். கிட்டங்கியில் மழைக்காற்று அடிக்கும் நாட்களில் நாங்கள் என்ன செய்வோமோ அதையே செய்தேன், மறுபக்கமாக. தொட்டியின் வாய்க்குக் கனமான பொலித்தீன். விளிம்பு முழுவதும் ஒட்டுநாடா, இரண்டு சுற்று. மீற்றரின் வயர் போகும் துளைக்குப் பசை. வெளிக்காற்று திருடன் என்பதுதான் எங்கள் தொழிலின் பாலபாடம். திருடன் உள்ளே வராமலும் உள்ளே இருப்பது வெளியே போகாமலும் அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. அரைமணி நேரத்தில் மீற்றர் தொண்ணூறைத் தொட்டது. கண்ணாடியில் நீர் முத்து முத்தாக வழிந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. ஆனால் எண் தெரிந்தது. மீற்றரை மட்டும் பார்க்கும்படி கண்ணாடியில் ஒரு வட்டத்தைத் துடைத்து வைத்திருந்தேன்.

மகளுக்குப் பரீட்சைக் காலம். தொட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படி என்று சொல்லியிருந்தேன். அவளும் நம்பினாள். நான் சாப்பாட்டுக்கு ஒரு மூலையைக் கிளப்பிக் கரப்பானை உள்ளே விட்டு உடனே ஒட்டிவிடுவேன். கரப்பான்கள் குறையவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. எண் நன்றாக இருந்தது. ஒவ்வொரு மாலையும் மனைவியிடம் எண்ணைச் சொன்னேன்.

பரீட்சை முடிந்த அன்று மகள் அறைக்குள் போனாள். நாடாவை இழுத்துக் கிழிக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது பொலித்தீன் தரையில் கிடந்தது. சேற்று நாற்றம் அறையை நிறைத்தது. தும்பு முழுவதும் வெள்ளைப் பூஞ்சணம். அவள் கையில் தவளை மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றிலும் தொடைகளிலும் சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள்.

"எப்ப இருந்து இப்பிடி?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். மீற்றர் சரியாகத்தான் காட்டியது, ஒருநாளும் எண்பதுக்குக் கீழே விடவில்லை என்றேன்.

"நீங்கள் மீற்றரைப் பாத்தீங்கள், அப்பா. தவளையைப் பாத்தீங்களா?"

பிறகு அவள் நிறுத்தவில்லை. எண்பது என்பது காலையிலும் பின்னேரத்திலும். மத்தியானம் காய வேண்டும். காய்ந்து நனைந்து காய்ந்து நனைந்து இருக்கிற உயிர் அது. காற்றே இல்லாமல் ஈரம் மட்டும் இருந்தால் தோல் அழுகும். வெளுத்தது நோய் வருத்தத்தால் அல்ல; வெளிச்சத்திலும் வெக்கையிலும் ஈரத்தைப் பிடித்து வைக்க அது அப்படித்தான் நிறம் மாற்றும். இதையெல்லாம் அவள் சொல்லியிருக்கிறாளாம். நான் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு போய்விட்டேனாம். தவளை சாகக் கிடந்தது. கொன்றவன் அநேகமாக நான். ஆனாலும் அந்த வேளையில், பிள்ளை இவ்வளவு கதைக்கிறதே என்று உள்ளே ஒருவன் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான். அவனை அடக்கத் தெரியாமல் நான் தலையைக் குனிந்து நின்றேன். வெட்கத்தால் குனிந்ததாக மகள் நினைத்திருப்பாள். அதுவும் பொய்யில்லை.

அன்றிலிருந்து தொட்டிக்கு நான் கிட்டப் போகத் தடை. ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றில் துளைகள் போட்டு, ஈரக் கடதாசி விரித்து, தவளையை அதில் வைத்தாள். கடதாசியைக் காலையும் மாலையும் மாற்றினாள். தும்பை எல்லாம் கொட்டி, தொட்டியைக் கொதிநீரால் கழுவி வெயிலில் காயவைத்தாள். மேல்மூடிக்குப் பதிலாக வலை. ஏசி அறை வேண்டாம் என்று, குசினிக்குப் போகும் வழியில் வெயில் படாத மூலையில், தரையோடு தொட்டியை வைத்து, பிறகு தவளையை அதற்கு மாற்றினாள். பக்கத்தில் தண்ணீர் ஊற்றிய மண்சட்டி. காற்று அதைத் தொட்டுக்கொண்டு வரும்போது குளிர்ந்திருக்கும். மத்தியானம் மீற்றர் ஐம்பத்தைந்துக்கு இறங்கியது. நான் ஹோலில் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அது பிழைக்குமா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கவில்லை. மனைவியை அனுப்பிக் கேட்டேன். "தெரியாதாம்" என்று வந்து சொன்னாள். பழைய சொல் திரும்பி வந்துவிட்டதே என்று பயந்து, அவள் எந்த மாதிரிச் சொன்னாள் என்று விசாரித்தேன். "தெரியாத ஆள் சொல்லுற மாதிரிச் சொன்னவள்" என்றாள் மனைவி. மகள் அந்த நாட்களில் தவளையைப் பற்றியும் கதைக்கவில்லை. வீடு மறுபடி மாரிக்காலத்து வீடாக இருந்தது. வேலையில் ஒரு லொறியை இரண்டு முறை கணக்கெடுத்தேன்.

பிறகு ஒரு பின்னேரம், குசினியிலிருந்து, "அம்மா, தின்னுது" என்ற சத்தம். நான் எழும்பி ஓடி, எல்லைக்கோட்டில் நின்றுவிட்டேன். மகள் திரும்பிப் பார்த்தாள். "வந்து பாருங்கோ. கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு." கரப்பானின் ஒரு கால் தவளையின் வாயோரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வயிற்றுச் சிவப்பு மங்கியிருந்தது. பின்னங்கால் இன்னும் இழுபட்டது. கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய மனிதரைத் தரிசிப்பதைப்போல நின்று பார்த்தேன்.

ஓகஸ்ட் விடுமுறையில் கிளிவெட்டியிலிருந்து மனைவியின் அக்கா, மகளுக்குப் பெரியம்மா, அவளை அனுப்பச் சொல்லிக் கேட்டார். தன் மகளுக்கும் அதே வயது, இரண்டு நாள் வந்து நிற்கட்டும் என்றார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் எங்கள் கண்ணுக்கு மறைவில் ஒரு பொழுதும் தங்கியதில்லை. அவளே மாட்டேன் என்பாள் என்று நம்பியிருந்தேன். "போறன்" என்றாள். நான் நியாயங்களை எடுத்து வைத்தேன். கிளிவெட்டியில் வயல், வயலென்றால் வாய்க்கால், வாய்க்காலென்றால் நுளம்பு. பஸ்ஸில் கூட்டம். வெக்கை. டெங்கு இரண்டாம் முறை வந்தால் கூடுதல் ஆபத்து என்று டொக்டரே சொல்லியிருக்கிறார். பஸ்ஸுக்குப் பின்னால் நான் மோட்டார் சைக்கிளில் வரலாம் என்றும் சொன்னேன். மனைவி இட்டலிச் சட்டியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒட்டுநாடாவை எங்கை வைச்சனீங்கள்? மிச்சம் இருந்தாப் பிள்ளையிலையும் ரெண்டு சுத்துச் சுத்தி விடுவம்."

நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

போகுமுன் மகள் கட்டளைகள் தந்தாள். காலையும் மாலையும் அம்மா தண்ணீர் தெளிப்பாள். சாப்பாடும் அம்மா. வாளி அம்மா. நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"நீங்கள் ஒண்டும் செய்யக்கூடாது. அதுதான் உங்கடை வேலை."

கிண்ணியாப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு செய்தி அனுப்பினாள். மூதூரில் ஒன்று. பிறகு ஒன்றுமில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மனைவி கடைக்குப் போயிருந்தாள். கச்சான் ஓலைகளைக் கிழித்துக்கொண்டு அடித்தது. மீற்றர் ஐம்பதுக்குக் கீழே இறங்கியதை ஹோலிலிருந்தே கண்டேன். தெளிக்கும் போத்தல் தொட்டிக்குப் பக்கத்தில் நிறைந்து இருந்தது. கிட்டங்கியில் எண் தவறினால் எழும்பி நடக்கும் கால்கள் எழும்பி நடந்தன. போத்தலை எடுத்துவிட்டேன். தொட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

தவளை வலைக்குக் கீழே கண்ணாடியில் ஒட்டியிருந்தது. வெள்ளை வெளேரென்று. செத்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு தொண்டையடியில் தோல் துடிப்பது தெரிந்தது, சின்னதாக, நிற்காமல். விரல் நுனி வட்டங்கள் கண்ணாடியில் அழுத்தமாகப் பதிந்திருந்தன. விரல்களைக்கூட உடம்புக்குக் கீழே இழுத்துச் செருகி, காற்றுக்குக் கொடுக்க வேண்டியதை எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைத்து, ஒரு சுண்ணாம்புக் கட்டியைப்போல அது இருந்தது. கோளாறு ஒன்றும் இல்லை. அது ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. என்னைவிட நன்றாகச் செய்தது. எங்கள் கிட்டங்கியில் ஒரு கதவும் அவ்வளவு நேர்த்தியாகச் சாத்தப்படுவதில்லை. மாதக்கணக்காக ஏசியும் ஐஸும் சாக்குமாக நான் ஓடிய ஓட்டத்தை நினைத்துப் பார்த்தேன். போத்தலை வைத்தேன். ஆனால் எழும்பிப் போகவும் முடியவில்லை. மனைவி வரும்வரை அங்கேயே இருந்தேன். வந்தவள் முதலில் போத்தலைத் தூக்கித் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தாள். பிறகுதான் என்னை நம்பினாள்.

பொழுது சாய்ந்ததும் வெள்ளை மெல்ல மெல்ல மண்ணிறமாகியது. மனைவி தெளித்தாள். தவளை கண்ணைத் திறந்து, கிளையில் ஏறி, இழுபடும் காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலே போனது.

விளக்கு ஏற்றும் நேரம் கிளிவெட்டியிலிருந்து போன் வந்தது. மகள் என்னைத்தான் கேட்டாளாம். மனைவி போனைத் தரும்போது, ஒன்றும் விசாரிக்க வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

"என்ன செய்தனீங்கள் அப்பா?"

"ஒண்டும் செய்யேல்லை."

"தண்ணி அடிக்கேல்லையா?"

"இல்லை. போத்தலை எடுத்தனான். திருப்பி வைச்சிட்டன்."

பின்னணியில் தவளைகளின் பேரிரைச்சல் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் போல. பெரியம்மாவின் குளியலறையிலும் இரண்டு பேர் குடியிருக்கிறார்களாம், பெரியம்மா விளக்குமாற்றோடு போவதும் அவற்றைக் கண்டு கத்திக்கொண்டு திரும்பி ஓடுவதும்தான் அங்கே பொழுதுபோக்காம். சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு வாங்கியது. பெரியம்மாவின் மகள் பக்கத்திலிருந்து ஏதோ சொல்ல, இருவரும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். தவளையைத் தாண்டிக் கதை வேறெங்கோ போய்விட்டிருந்தது. வயலில் குரங்கு வந்தது, யாரோ சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தது. நான் "ம்" போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, நாளைக்கு வரேல்லை. இன்னும் நாலைஞ்சு நாள் நிண்டிட்டு வாறன். தவளையைப் பாத்துக்கொள்ளுவீங்கள்தானே?"

நுளம்புவலை, கொதித்தாறிய தண்ணீர், காய்ச்சல், தலையிடி, பின்னேரத்தில் முழுக்கைச் சட்டை. எல்லாக் கேள்விகளும் என் தொண்டையில் வரிசையாக வந்து நின்றன. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி பிள்ளை, நிண்டிட்டு வாங்கோ" என்றேன். வேறு ஒன்றும் வாயில் வருவதற்குள் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

அவள் போனை வாங்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனாள். கதவைப் பாதி சாத்தினாள். குரலைத் தாழ்த்தி அவள் கேட்ட முதல் கேள்வி, அங்கே நுளம்புவலை கட்டியிருக்கிறதா என்பது. இரண்டாவது, அதில் ஓட்டை இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தாயா என்பது.